ஃபெர்மென்டர் பக்கத்தில் நிற்கப் போகும் பிள்ளைகளுக்கு

எங்கள் வீடு இரும்புலியூரில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து மதுரவாயல் பைபாஸ் பிரிகிற இடத்துக்குக் கூப்பிடு தூரம். சாயங்காலம் கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். அப்படி இறங்குகிற பிள்ளைகளில் யாராவது ஒருவர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார். பயோடெக் முடித்திருப்பார், என்சைம் கம்பெனியிலோ மருந்துக் கம்பெனியிலோ வேலை கிடைத்திருக்கும், ஃபெர்மென்டேஷன் பிரிவில் போட்டிருப்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பூஞ்சைத் தொட்டிகளோடு இருந்தவன் என்று என்னைப் பற்றி யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

போன மாதம் வந்தவள் அடுத்த தெருப் பெண். உட்கார்ந்ததும் கேட்டாள்: "சார், பூஞ்சைக்கு எத்தனை ஆர்.பி.எம். வைக்கணும்?" அன்றைக்கு அவளுக்குச் சொன்னதையும், அவள் போன பிறகு சொல்லாமல் விட்டோமே என்று நினைவுக்கு வந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வரிசை முன்பின்னாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. ஆர்.பி.எம்.மை மட்டும் கேட்காதீர்கள். ஐந்து லிட்டர் தொட்டியில் 7 செ.மீ. விட்டமுள்ள இம்பெல்லர், அதாவது கலக்கியின் சுழலும் இறக்கை, 600-இல் சுற்றினால் அதன் நுனி விநாடிக்குச் சுமார் 2.2 மீட்டர் வேகத்தில் போகிறது. ஆலைத் தொட்டியில் ஒரு மீட்டர் விட்டமுள்ள இம்பெல்லர் 120-இல் சுற்றினாலே நுனி வேகம் 6 மீட்டரைத் தாண்டிவிடும். டயலில் தெரிகிற எண் ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் நுனி வேகம் ஏறக்குறைய மூன்று மடங்கு. சக்தியின் கணக்கு இன்னும் கடுமை. அதே இம்பெல்லரின் வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் திரவத்துக்குள் இறங்கும் சக்தி எட்டு மடங்கு. வேகத்தை மாற்றாமல் விட்டத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் 32 மடங்கு. ஆகவே நோட்டில் "300 ஆர்.பி.எம்." என்று மட்டும் எழுதிவைத்தால் அடுத்து வருகிறவருக்கு அது ஒன்றும் சொல்லாது. இம்பெல்லர் எந்த வகை, விட்டம் எவ்வளவு, ஷாஃப்டில் எத்தனை, அன்றைக்குத் தொட்டியில் எத்தனை லிட்டர் இருந்தது என்று நான்கையும் எழுதுங்கள்.

2. எதைக் கலக்குகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கல்லூரியில் ஈ.கோலை பாக்டீரியாவோடு பழகியிருப்பீர்கள். அது தனித்தனி செல், கலக்கி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சுலபத்தில் சேதமாகாது. பூஞ்சை அப்படியில்லை. அது இழை. நுனியில் மட்டும் நீளும், நடுவில் கிளைவிடும். நமக்கு வேண்டிய புரதத்தையும் பெரும்பாலும் வளர்கிற நுனி வழியாகத்தான் வெளியே விடுகிறது. அஸ்பெர்ஜில்லஸ் நைஜரில் குளுக்கோஅமிலேஸ் என்சைம் நுனியில் வெளிவருவதை 1991-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் இழை எங்கே அறுந்தது, எங்கே புதிதாகக் கிளைத்தது என்பது நம் தொழிலில் லாப நஷ்டக் கணக்கு.

ஒரே பூஞ்சை தொட்டிக்குள் இரண்டு விதமாக வளரும். ஒன்று, இழைகள் பிரிந்து பரவிக் கேழ்வரகுக் கூழ் மாதிரி ஆவது. இன்னொன்று, சுருண்டு ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாக நிற்பது. இதைத்தான் பெல்லட் என்போம். இரண்டிலும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. கூழாக இருந்தால் எல்லா இழைக்கும் சாப்பாடு எட்டும், ஆனால் கலக்குவதற்குள் மோட்டார் திணறும். உருண்டையாக இருந்தால் ப்ராத், அதாவது தொட்டியில் உள்ள வளர்ப்புத் திரவம், தண்ணீராக ஓடும், கலக்குவது சுலபம். ஆனால் பெல்லட்டின் மேல்தோலிலிருந்து மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு ஆழத்துக்கு மேல் ஆக்சிஜன் போய்ச் சேராது. பெரிய பெல்லட் ஒன்றை பிளேடால் இரண்டாக அறுத்துப் பாருங்கள், நடுவில் பொள்ளலாக இருக்கும். உள்ளே இருந்தது மூச்சு முட்டிச் செத்துக் கரைந்துவிட்டது.

3. காற்றைப் பற்றி. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் காற்றிலிருந்து கரையக்கூடிய ஆக்சிஜன் சுமார் ஏழரை மில்லிகிராம்தான். குளுக்கோஸை லிட்டருக்கு 20 கிராம், 50 கிராம் என்று அள்ளிப் போடுகிறோம். ஆக்சிஜனை அப்படிச் சேர்த்துவைக்க வழியே இல்லை. நன்றாக வளர்கிற பூஞ்சை மணிக்கு லிட்டருக்கு 30 மில்லிமோல் ஆக்சிஜன் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழரை மில்லிகிராம் அரை நிமிஷம்கூடத் தாங்காது. தொட்டிக்குள் இருக்கிற பூஞ்சை ஒவ்வொரு விநாடியும் அன்றாடங்காய்ச்சி. கலக்கியின் முதல் வேலை காற்றுக் குமிழியை உடைத்து, சின்னதாக்கி, நாலாபக்கமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. சர்க்கரையைக் கரைப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நான் செய்த பிழையைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் நைட் ஷிஃப்ட். கரன்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் எடுக்க நாலைந்து நிமிஷம் ஆனது. டி.ஓ., அதாவது கரைந்த ஆக்சிஜனைக் காட்டும் முள், பூஜ்யத்தில் கிடந்தது. கரன்ட் வந்ததும், இத்தனை நேரம் மூச்சு முட்டிக் கிடந்ததே என்று கலக்கியை ஒரே தள்ளில் முழு வேகத்துக்கு ஏற்றிவிட்டேன். டி.ஓ. சரசரவென்று ஏறியது. எனக்கு நிம்மதி. காலையில் ஸ்லைடு போட்டால் இழைகள் துண்டு துண்டாகக் கிடந்தன. மூன்று நாள் வயதான இழை அது. உள்ளே வெற்றுக் குழிகள், வேக்குவோல்கள், நிறைந்திருந்தன. அந்த இடங்களில் இழைக்கு வலு இல்லை, அடித்தால் அங்கேதான் ஒடியும். அன்றைக்கு மத்தியானமே ப்ராத் இளகி நுரை கட்டியது, என்சைம் இறங்கிக்கொண்டே போனது. கரன்ட் போனது என் கையில் இல்லை. அதற்குப் பிறகு நடந்தது முழுக்க என் கையில் இருந்தது. நின்றுபோன கலக்கியைத் திரும்பவும் எடுக்கும்போது ஐம்பது ஐம்பதாக ஏற்றுங்கள். அவசரத்துக்குக் காற்றளவைக் கூட்டுங்கள், தொட்டியின் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். இழையின் மேல் கைவைப்பது கடைசியாக இருக்கட்டும்.

4. ஒரே ஷாஃப்டில் இரண்டு வேலை கட்டியிருக்கிறது. காற்றைக் கொடுப்பதும் அதே கலக்கி, இழையை அறுப்பதும் அதே கலக்கி. வேகத்தை ஏற்றினீர்கள், புரதம் கூடியது. எதனால் கூடியது? ஆக்சிஜன் கிடைத்ததாலா, இழை உடைந்து புது நுனிகள் முளைத்ததாலா? வேகத்தை ஏற்றினீர்கள், புரதம் குறைந்தது. எதனால் குறைந்தது? இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் முடிவு எழுதாதீர்கள். நான் பார்த்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் சறுக்கியிருந்தன.

பிரித்துப் பார்ப்பது எப்படி? உள்ளே போகிற காற்றோடு ஆக்சிஜனையோ நைட்ரஜனையோ கலந்து டி.ஓ.வை ஒரே மட்டத்தில் நிறுத்துங்கள். பிறகு வேகத்தை மட்டும் மாற்றுங்கள். இப்போது தெரிகிற வித்தியாசத்தில் ஆக்சிஜனுக்குப் பங்கு இல்லை, அது இழை வாங்கிய அடியின் பங்கு. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1990-களில் அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேயை வைத்து இப்படிப் பொறுமையாகச் செய்தார்கள். கலக்கலின் வேகம் மாறியபோது இழைக் கொத்துகளின் அளவு நன்றாகவே மாறியது. ஆனால் ஒரு கிராம் பூஞ்சைக்கு இவ்வளவு என்சைம் என்ற கணக்கு அதே அளவுக்கு ஆடவில்லை. பெனிசிலின் பூஞ்சையில் கதை வேறு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 1990-இல் வெளிவந்த வேலையில், கடுமையாகக் கலக்கக் கலக்க இழை குட்டையானது, பெனிசிலினும் குறைந்தது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர், 1954-இல் புனேக்குப் பக்கத்தில் பிம்பிரியில் தொடங்கிய பெனிசிலின் ஆலையில் கை பழகி வந்தவர். இந்த ஆய்வுகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர் சொல்வார்: "ஒரு பூஞ்சைக்குப் படித்த பாடத்தை இன்னொன்றுக்கு ஒப்பிக்காதே." புரதம் எடுக்கிறவர்கள் பெனிசிலின் கட்டுரையைப் படித்துப் பயப்படவும் வேண்டாம், என்சைம் கட்டுரையைப் படித்துத் துணியவும் வேண்டாம். உங்கள் பூஞ்சையில் நீங்களே செய்து பாருங்கள்.

5. களி கிண்டியிருக்கிறீர்களா? அம்மா கிண்டும்போது பக்கத்தில் நின்று பார்த்திருந்தாலும் போதும். துடுப்பு போகிற இடம் இளகும், பானையோரம் அப்படியே கட்டியாக நிற்கும். இழையாகப் பரவிய பூஞ்சை ப்ராத்தும் இப்படித்தான். அடிபடுகிற இடத்தில் நீர்த்துப்போகும், அடி எட்டாத இடத்தில் கெட்டிப்படும். இம்பெல்லரைச் சுற்றி ஒரு குகை மாதிரி, அதற்குள் மட்டும் ஓட்டம் நன்றாக இருக்கும். அடியில் காற்று விடும் ஸ்பார்ஜரிலிருந்து வருகிற காற்றும் அந்தக் குகை வழியாகவே மேலே ஓடிவிடும். ஓரத்தில் நிற்கிற பூஞ்சை பட்டினி. டி.ஓ. ப்ரோப் இம்பெல்லருக்குப் பக்கத்தில் இருந்தால் 40 சதவீதம் என்று காட்டும். நீங்களும் நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுவீர்கள்.

அதனால் சைட் கிளாஸ் வழியாக மேற்பரப்பைப் பாருங்கள். ஓரத்தில் திட்டுத் திட்டாக அசையாமல் நின்றால் ப்ரோப் சொல்வதை முழுக்க நம்பாதீர்கள். அகலமான இறக்கை வைத்த, மேலும் கீழுமாகத் தள்ளுகிற இம்பெல்லர் இந்த மாதிரிக் கெட்டி ப்ராத்துக்குச் சில சமயம் நன்றாக உதவும். தட்டையான ஆறு இறக்கை ரஷ்டன் இம்பெல்லர் குமிழி உடைப்பதில் கெட்டிக்காரன், தூரத்துக்குத் தள்ளுவதில் அவ்வளவு இல்லை. தொட்டிச் சுவரில் பேஃபிள்கள் என்ற தடுப்புத் தகடுகள் சரியாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை இல்லாவிட்டால் டம்ளர் காப்பியை ஸ்பூனால் சுற்றுவது போல மொத்தமும் வட்டமாக ஓடும், உள்ளே கலக்காது.

6. கலக்குவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. தொட்டியில் முதலில் விடும் இனாகுலத்தில் வித்து குறைவாக இருந்தால் பூஞ்சை பெரிய உருண்டைகளாகும். வித்து நிறைய இருந்தால் சின்ன உருண்டையாகவோ பரவிய இழையாகவோ போகும். எண்ணிப் போடுங்கள், கண்மட்டமாகப் போடாதீர்கள். பெல்லட்டைச் சின்னதாக்க டால்க் போன்ற நுண்துகள்களைச் சேர்க்கும் முறையும் இப்போது இருக்கிறது. 2008-க்குப் பிறகு பிரபலமானது. கலக்கியால் அடித்துச் சின்னதாக்குவதற்குப் பதில், பிறக்கும்போதே சின்னதாகப் பிறக்க வைக்கும் வழி அது. எனக்கு அந்த யோசனை மிகவும் பிடிக்கும்.

7. முதல் சில மணி நேரம் மெதுவாகக் கலக்குங்கள். வேகமாகக் கலக்கினால் வித்துகள் தெறித்து, திரவ மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே மோதிரம் மாதிரி வளரும். அது பிறகு கட்டி கட்டியாக உள்ளே விழும்.

8. நுரை வந்தால் ஆன்டிஃபோமைத் தாராளமாக ஊற்றாதீர்கள். புரதம் வெளியே வரவர நுரை வரத்தான் செய்யும். ஆன்டிஃபோம் கூடினால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி ஆக்சிஜன் கரைவது குறையும். அதைச் சரிக்கட்ட வேகத்தை ஏற்றுவீர்கள், வேகம் மறுபடியும் நுரையைக் கிளப்பும். துளித்துளியாக ஊற்றுங்கள்.

9. மொத்தப் புரதத்தை நம்பாதீர்கள். இதைச் சொல்லாமல் அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டேன் என்பதுதான் எனக்கு அன்றிரவு முழுக்க உறுத்தல். பிராட்ஃபோர்டோ லௌரியோ, ஏதாவது ஒரு புரத அளவீடு செய்து "புரதம் 20 சதவீதம் கூடியிருக்கு சார்" என்று சந்தோஷமாக வருவார்கள். இழை உடைந்தால் அதன் வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே கொட்டும். அதுவும் புரதம்தான். அதோடு புரோட்டியேஸும் வெளியே வரும். வெட்டும் என்சைம் அது, நீங்கள் கஷ்டப்பட்டு உண்டாக்கின புரதத்தை அதுவே கத்தரித்துப் போடும். மொத்தம் கூடும், சரக்கு குறையும். ஆகவே மொத்தப் புரதத்தோடு என்சைமின் வேலைத்திறனையும் சேர்த்து அளந்து பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாம்பிள் எடுத்து ஜெல்லில் ஓட்டுங்கள். உங்கள் புரதத்தின் பட்டை மெலிந்து, அதற்குக் கீழே புதிதாகச் சின்னச் சின்னப் பட்டைகள் தோன்றினால் பூஞ்சை உடைகிறது என்று அர்த்தம். சாம்பிளை எடுத்த உடனே ஐஸில் வையுங்கள். மேஜையில் அரை மணி கிடந்தாலே புரோட்டியேஸ் தன் வேலையைக் காட்டிவிடும், நீங்கள் தொட்டியைக் குறை சொல்வீர்கள்.

10. ஐந்து லிட்டரில் நன்றாக வந்தது ஐம்பதாயிரம் லிட்டரில் ஏன் வரவில்லை என்று ஒருநாள் மேனேஜர் கேட்பார். அதற்கு இப்போதே தயாராகுங்கள். சின்னத் தொட்டியில் ஓர் இழை சில விநாடிக்கு ஒரு தடவை இம்பெல்லரிடம் வந்து அடி வாங்கிக்கொண்டு போகும். பெரிய தொட்டியில் ஒரு சுற்று சுற்றி வர வெகுநேரம் ஆகும். அடி பலமாக இருக்கலாம், ஆனால் எப்போதாவதுதான். இடையில் காற்று குறைவான ஓரங்களிலும் அலைந்துவிட்டு வரும். நான் மேலே சொன்ன லண்டன் குழு இதைத்தான் கணக்காகப் போட்டது: அடியின் பலம் ஒரு பக்கம், எத்தனை விநாடிக்கு ஒரு தடவை அடி என்பது இன்னொரு பக்கம், இரண்டையும் பெருக்கிப் பார். லிட்டருக்கு இத்தனை வாட் என்று மட்டும் ஒப்பிட்டால் அலைச்சலின் கணக்கு விட்டுப்போகும். சின்னத் தொட்டியில் சில நிமிஷங்களுக்கு ஒரு முறை காற்றைக் குறைத்துக் கூட்டிப் பாருங்கள். பெரிய தொட்டியில் இழை படப்போகும் பாட்டில் கொஞ்சம் முன்கூட்டியே தெரியும்.

11. கலக்காமலும் முடியும். கலக்கியை வணங்குகிற தொழிலில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எனக்குக் கடமையாகப் படுகிறது. இங்கிருந்து ரயிலில் கொஞ்ச தூரம் போனால் குரோம்பேட்டை. குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் அது. பல்லாவரம், குரோம்பேட்டை வழியாக ரயிலில் போன பழைய ஆட்களுக்குத் தோல் பதனிடும் வாடை மறந்திருக்காது. தோலிலிருந்து மயிரை எடுக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போடுவார்கள். அந்தக் கழிவுநீர் எங்கே போனது என்று இந்தப் பக்கத்து ஏரிகளைக் கேட்டால் தெரியும். அதற்கு மாற்றாக, மயிர்க்கால்களை இளக்கும் புரோட்டியேஸை அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சையிலிருந்து எடுத்தார்கள் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்து (சி.எல்.ஆர்.ஐ.) ஆய்வாளர்கள். 1991-இல் வெளிவந்தது அந்த வேலை. அந்தப் பூஞ்சையை அவர்கள் கலக்கும் தொட்டியில் வளர்க்கவில்லை. ஈரமான தவிட்டின் மேல் வளர்த்தார்கள். இம்பெல்லர் இல்லை, நுரை இல்லை, இழையை யாரும் அடிப்பதில்லை. பூஞ்சைக்குக் காட்டில் பழக்கமான வாழ்க்கை அது.

ஆனால் அதற்கும் விலை உண்டு. கலக்காத தவிட்டுக் குவியல் சூடேறும், நடுவில் வெந்துபோகும். ஈரம் ஓரிடத்தில் காயும், ஓரிடத்தில் ஊறும். தட்டைப் பெரிதாக்கினால் இந்தத் தொல்லையும் பெரிதாகும். திருப்பூரில் பனியன் துணியின் பிசிறை எடுத்து மழமழப்பாக்கப் போடுகிறார்களே செல்லுலேஸ், அந்த என்சைமைத் தரும் ட்ரைக்கோடெர்மாவைப் பெரும்பாலும் தொட்டியில்தான் வளர்க்கிறார்கள். டன் கணக்கில் வேண்டும் என்றால் தொட்டிதான் கைகொடுக்கிறது. நடுவழியும் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் 1985-இலிருந்து விற்பனையில் உள்ள குவார்ன் என்ற பூஞ்சை உணவுக்கான தொட்டியில் இம்பெல்லரே கிடையாது. கீழே விடுகிற காற்றே திரவத்தை மேலே தூக்கிச் சுற்றிவிடும். அவர்களுக்கு நீளமான இழை வேண்டும், மெல்லும்போது இறைச்சியின் நார் போல இருக்க வேண்டும். அடித்தால் அந்த நார் போய்விடும். ஆகவே கலக்கியை வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, நமக்குக் கடைசியில் எது வேண்டும், இழையா, இழை விட்ட புரதமா என்பது.

12. வித்துத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸின் பல ரகங்கள் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சையும் உண்டாக்கும். வித்து கையாளும்போது மாஸ்க், ஹூட் இரண்டும் வேண்டும். "இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று சொல்லாதீர்கள். ஷாஃப்ட் பக்கத்தில் துப்பட்டா, ஐ.டி. கார்டுக் கயிறு எதுவும் தொங்கக் கூடாது.

13. கடைசியாக மைக்ரோஸ்கோப். சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி.எஸ். சதாசிவனும் சி.வி. சுப்பிரமணியனும் வளர்த்த பூஞ்சையியல் மரபு நம்முடையது. சுப்பிரமணியனின் ஹைபோமைசீட்ஸ் நூல் 1971-இல் வந்தது. கண்ணால் பார்த்து, கையால் வரைந்து, வகைபிரித்த வேலை அது. ஆலையில் கம்ப்யூட்டர் திரையில் எல்லா எண்ணும் ஓடும்போது ஸ்லைடு போடுகிற பழக்கம் போய்விடுகிறது. விடாதீர்கள்.

ஒரு துளி ப்ராத்தைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, அதில் ஒரு துளியை ஸ்லைடில் வைத்து, லாக்டோஃபீனால் காட்டன் ப்ளூ ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப்பைச் சாய்வாக இறக்குங்கள். குமிழி சிக்கக் கூடாது. முதலில் 10 லென்ஸ்: கொத்து எவ்வளவு பெரிசு, தனி இழை எத்தனை. பிறகு 40: நுனி நீலமாக நிறைந்திருக்கிறதா, உள்ளே வெற்றுக் குழி தெரிகிறதா, ஒடிந்த முனை மழுங்கலாக நிற்கிறதா. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஐந்து நிமிஷம். பக்கத்தில் அன்றைய ஆர்.பி.எம்., டி.ஓ., என்சைம் அளவு. பென்சிலால் வரைந்தால் போதும், அழகாக இருக்க வேண்டியதில்லை. பத்து பேட்ச் வரைந்த பிறகு, வேகத்தை ஏற்றலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்க மாட்டீர்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன், வரும்போது நோட்டைக் கொண்டுவாருங்கள்.